ராட்டினங்களின் கதை – 14: தேய்ந்த சக்கரமும் தள்ளிப்போன தேதியும்

சென்ற அத்தியாயத்தில் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையைப் பார்த்தோம். 1963-லேயே வெளிக்கட்டடம் எழும்பிவிட்டது. ஆனால் ஜனங்கள் உள்ளே போக 1969 ஆகஸ்ட் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்துக்கு மனிதர்கள்தான் காரணம். வருகிறவர்களைப் பயமுறுத்துவதா, சிரிக்க வைப்பதா என்று கடைசி வரை இழுபறி. நடுவில் நியூயார்க் உலகக் கண்காட்சி வேலை வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போனது. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னியே இறந்துபோனார்.

இந்த வாரக் கதையில் அந்த மாதிரிச் சிக்கல் எதுவும் இல்லை. என்ன கட்டப்போகிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செலவுக்குக் கைகொடுக்க உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி இருந்தது. கட்டடம் ஏற்கெனவே இருந்தது. திறப்பு 1997 மே மாதம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் அந்த ரைடு முறைப்படி திறந்த நாள் 1999 மார்ச் 17. இடையில் ஏறக்குறைய இரண்டு வருடம். ரைடின் பெயர் ‘டெஸ்ட் டிராக்’. இடம் ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்கா.

எப்காட் 1982 அக்டோபர் 1 அன்று திறந்தது. அதன் முன்பாதியில் அப்போது இருந்த அரங்குகள் ஒவ்வொன்றும் ஒரு துறையைப் பற்றிச் சொல்லும். எரிசக்திக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு அரங்குக்கும் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி ஸ்பான்சர். போக்குவரத்து அரங்கு ஜெனரல் மோட்டார்ஸ் வசம் இருந்தது. பார்ப்பதற்கே ஒரு பிரம்மாண்டச் சக்கரத்தைப் படுக்கப் போட்ட மாதிரிக் கட்டடம். உள்ளே ‘வேர்ல்ட் ஆஃப் மோஷன்’ என்ற ரைடு. மனிதன் வெறுங்காலால் நடந்த காலம் தொடங்கி, சக்கரம் கண்டுபிடித்தது, குதிரை வண்டி, ரயில், கார் என்று பேசும் பொம்மைகள் நடித்துக் காட்டும். நையாண்டி நிறைந்த ரைடு. டிஸ்னியின் பழைய கார்ட்டூன் மேதைகளான மார்க் டேவிஸும் வார்ட் கிம்பலும் அதில் வேலை செய்தவர்கள் என்றால் எந்த ருசி என்று உங்களுக்கே விளங்கும். வண்டிகள் மெதுவாகப் போகும். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை யாரும் ஏறலாம். ஏசி காற்றில் கால்மணி நேரம் உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று.

அந்த ரைடுக்கு ஆபத்து பூங்காவுக்கு வெளியிலிருந்து வந்தது. 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் காட்டிய நட்டம் 23.5 பில்லியன் டாலர். அதுவரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் ஒரே வருடத்தில் அவ்வளவு நட்டம் காட்டியதில்லை. ஓய்வு பெற்ற ஊழியர்களின் மருத்துவச் செலவைக் கணக்கெழுதும் முறை மாறியதுதான் அதில் பெரும்பங்கு. ஆனாலும் நட்டம் நட்டம்தான். ஆலைகளை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் எப்காட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சும் வந்தது. பொம்மைகள் சக்கரத்தின் சரித்திரம் சொல்வதற்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும், எங்கள் காரைப் பற்றி ஏதாவது சொல்லுங்களேன் என்று ஸ்பான்சர் கேட்பது நியாயம்தானே.

அப்படிப் பிறந்த யோசனை இது. மிச்சிகன் மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு சோதனை மைதானம் உண்டு. 1924-ல் தொடங்கியது. கார் கம்பெனி ஒன்று சோதனைக்கென்றே தனியாக நிலம் வாங்கிச் சாலை போட்டது உலகத்திலேயே அங்குதான் முதல் முறை. புதிய மாடல் காரை அங்கே மலை ஏற்றுவார்கள், கல் பாவிய சாலையில் உலுக்குவார்கள், வெயிலிலும் பனியிலும் வாட்டுவார்கள், சுவரில் மோதவிடுவார்கள். அந்த மைதானத்தை எப்காட்டுக்குள் கொண்டுவந்து, பார்வையாளரைச் சோதனைக் காரில் உட்காரவைத்தால் எப்படியிருக்கும்?

நல்ல யோசனை என்பதில் சந்தேகமே இல்லை. 1996 ஜனவரி 2 அன்று ‘வேர்ல்ட் ஆஃப் மோஷன்’ மூடப்பட்டது. பொம்மைகளைக் கழற்றினார்கள். சக்கரக் கட்டடத்தின் வயிற்றைக் காலி செய்து புதுப் பாதை போட ஆரம்பித்தார்கள். பதினாறு, பதினேழு மாதத்தில் வேலை முடியும் என்பது திட்டம்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய ரைடுக்கும் புதிய ரைடுக்கும் உள்ள வித்தியாசம் புரியாவிட்டால், பின்னால் வரும் தலைவலி எதுவும் புரியாது.

பழைய ரைடில் வண்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை. மொத்தமும் ஒரே நீளச் சங்கிலி. சங்கிலி நகர்ந்தால் எல்லா வண்டியும் நகரும், நின்றால் எல்லாமே நிற்கும். முன் வண்டி மீது பின் வண்டி இடிக்க வழியே கிடையாது. வேகம் முழுப் பாதையிலும் ஒன்றுதான். நிலையத்தில்கூட வண்டி நிற்காது. பக்கத்தில் அதே வேகத்தில் ஓடும் நகர்நடைபாதையில் கால் வைத்து நாம்தான் ஏறிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க நிற்காமல் ஓடும். பேய் மாளிகை உட்பட டிஸ்னி பல இடங்களில் செய்து பழகிய கை.

புதிய ரைடில் ஒவ்வொரு காரும் தனிக்காட்டு ராஜா. காருக்குள்ளேயே மின்மோட்டார். பாதையின் நடுவே ஒரு பிளவு. அதற்குள் காரின் அடிப்பாகம் இறங்கியிருக்கும். மின்சாரமும் அங்கிருந்துதான் வரும், திசையும் அங்கிருந்துதான். பிள்ளைகள் விளையாடும் ஸ்லாட் கார் செட்டைப் பெரிதாக்கி அதில் ஆறு பேரை உட்காரவைத்தது மாதிரி. ஸ்டீயரிங் இல்லை. டிரைவர் இல்லை. காருக்குள்ளேயே மூன்று கம்ப்யூட்டர்கள். எப்போது வேகம் பிடிப்பது, எங்கே பிரேக் போடுவது என்பதை அவை முடிவு செய்யும்.

பயணி கண்ணோடு ஒரு சுற்றுப் போய்வருவோம். முன்வரிசையில் மூன்று பேர், பின்வரிசையில் மூன்று பேர். பெல்ட் போட்டதும் கார் செங்குத்தான ஒரு மேட்டில் முக்கி ஏறும். அடுத்து கற்கள் பதித்த சாலை, தாடை ஆடும். பிறகு பிரேக் சோதனை. முதல் தடவை ஏபிஎஸ் இல்லாமல் பிரேக் போட்டுக் கார் வழுக்கிக்கொண்டு போய் ரப்பர்க் கூம்புகளை இடிக்கும், இரண்டாவது தடவை ஏபிஎஸ்ஸோடு ஒழுங்காக நிற்கும். அப்புறம் ஓர் அறையில் வெக்கை, அடுத்த அறையில் குளிர். இருட்டில் மலைச்சாலை வளைவுகள், எதிரே திடீரென்று லாரியின் ஹெட்லைட். கடைசியில் கார் நேராக ஒரு சுவரை நோக்கிப் பாயும். மோதப்போகிற கணத்தில் சுவர் இரண்டாகத் திறந்துகொள்ளும். ஃபுளோரிடா வெயிலில், கட்டடத்தைச் சுற்றிப் போட்ட சாய்வுப் பாதையில் மணிக்கு 104 கிலோமீட்டர் வேகம். மொத்தப் பாதை 1.6 கிலோமீட்டர்.

ஒரே பாதையில் எத்தனை விதமான வேகம் பாருங்கள். ஊர்வது, ஏறுவது, இறங்குவது, சட்டென்று நிற்பது, நின்ற இடத்திலிருந்து சீறுவது. ரோலர் கோஸ்டருக்குக்கூட இந்தக் கஷ்டமில்லை. அதை மேலே இழுத்து விட்டால் போதும், மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

சோதனை ஓட்டம் தொடங்கியதும் முதலில் கைவிட்டது சக்கரம்தான்.

இது எதிர்பாராத இடத்திலிருந்து வந்த அடி. மோட்டாரும் கம்ப்யூட்டரும்தான் புதுசு. சக்கரம் என்ன புதுசா? கார் கம்பெனி கூட இருக்கும்போது சக்கரம் ஒரு பிரச்சினையா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வேகத்தையும், அந்த வேகத்திலிருந்து திரும்பத் திரும்பப் போடும் பிரேக்கையும், வளைவுகளின் இழுப்பையும் முதலில் பொருத்திய சக்கரங்கள் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்று 1.6 கிலோமீட்டர். ஒரு கார் ஒரு நாளைக்கு நூறு சுற்றுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 கிலோமீட்டர் ஆயிற்று. பூங்காவுக்கு லீவு கிடையாது, வருடத்துக்கு 365 நாள். அப்படியென்றால் வருடத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர் டாக்ஸி ஓட்டுநருக்கு இது மலைக்க வைக்கிற தூரம் இல்லைதான். ஆனால் டாக்ஸி எப்போதாவது ஒரு தடவை சடன் பிரேக் போடும். இந்தக் கார் ஒவ்வொரு சுற்றிலும் போடும், அதுவும் முழுச் சுமையோடு. டாக்ஸி சில சமயம் இடப்பக்கம் திரும்பும், சில சமயம் வலப்பக்கம். இந்தக் கார் நாளெல்லாம் அதே வளைவில், அதே பக்கமாக, அதே இடத்தில்தான் சாயும். தேய்மானம் ஒரே இடத்தில் விழும். நிஜ மைதானத்தில் சோதனைக் கார் சில மாதம் உழைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போகும். எப்காட் காருக்கு ஆயுள் முழுக்கச் சோதனைதான். காரைச் சோதிப்பதைக் கதையாகச் சொல்ல வந்த ரைடு சோதனையிலேயே தோற்றது வேடிக்கை. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சக்கரம் கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை. தேய்ந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், வேறு பொருளில் செய்து பார்க்கலாம். இரண்டாவது பிரச்சினை கண்ணுக்கே தெரியாதது. சாஃப்ட்வேர்.

ரயில்வேயில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. தண்டவாளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டுக்கு பிளாக் என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன் ரயில் அதைத் தாண்டிப் போன பிறகே பின் ரயிலுக்குப் பச்சை விளக்கு. ரோலர் கோஸ்டர்களும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. டெஸ்ட் டிராக்குக்கும் அடிப்படை இதுவே. ஆனால் கோஸ்டரில் இரண்டோ மூன்றோ ரயில்கள். இங்கே ஒரே சமயத்தில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் பாதையில் இருக்க வேண்டும். அத்தனை கார் ஓடினால்தான் மணிக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிவிட முடியும். அதற்குக் குறைந்தால் வரிசை பூங்கா வாசல் வரை நீளும்.

மேட்டில் ஊரும்போது இரண்டு கார்களுக்கு நடுவில் சில மீட்டர் இடைவெளி போதும். 104 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளி எங்கே போதும்? பிரேக் சோதனை நடக்கும் இடத்தில் கார் வேண்டுமென்றே நிற்கும். அது பழுதாகி நிற்கிறதா, காட்சிக்காக நிற்கிறதா என்று பின்னால் வரும் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு காரில் ஆறு சிறுவர்கள், அடுத்ததில் ஆறு பெரியவர்கள் என்றால் எடையில் வித்தியாசம், நிற்கும் தூரத்திலும் வித்தியாசம். வெளிப்பாதை மழையில் நனைந்திருந்தால் அது வேறு கணக்கு. ஏதோ ஓரிடத்தில் ஒரு சென்சார் ‘கார் இன்னும் வரவில்லையே’ என்று சந்தேகப்பட்டாலும் போதும், பின்னால் வருகிற கார் நிற்கும், அதற்குப் பின்னால் உள்ளதும் நிற்கும், கடைசியில் மொத்த ரைடும் நிற்கும். அதுதான் பாதுகாப்பு. சந்தேகம் வந்தால் நில் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

சில கார்களை மட்டும் விட்டுப் பார்த்தபோது ஓடியது. தேவையான எண்ணிக்கையை ஏற்றியபோது கட்டுப்பாட்டு அமைப்பு சமாளிக்கவில்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஐந்து பேருக்கு ஓடும் புரோகிராமை இருபத்தைந்து பேருக்கு ஓடவைப்பது ஐந்து மடங்கு வேலை இல்லை, முழுக்கப் புதிய வேலை. ஒவ்வொரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவே வரக்கூடிய ஒவ்வொரு நிலைமையையும் யோசிக்க வேண்டும். பாதையின் அமைப்பிலும் மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. பாதை மாறினால் சாஃப்ட்வேரும் மாறும். சாஃப்ட்வேர் மாறினால் பழைய சோதனைகள் அத்தனையும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து காலி கார்களை ஓட்ட வேண்டும்.

1997 மே வந்தது, போனது. கட்டடத்தைச் சுற்றி வேலித்தட்டி அப்படியே நின்றது.

அந்த வருடம் டிஸ்னிக்கு முக்கியமான வருடம். ஃபுளோரிடா பூங்காக்களின் வெள்ளி விழாவை 1996 அக்டோபரில் ஆரம்பித்து 1998 ஜனவரி வரை கொண்டாடினார்கள். சின்ட்ரெல்லா கோட்டையையே இளஞ்சிவப்புப் பிறந்தநாள் கேக் மாதிரி வேஷம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். விழாவுக்கு வந்த கூட்டத்துக்குக் காட்டவேண்டிய புது ரைடு தட்டிக்குப் பின்னால் காலி கார்களை ஓட்டிக்கொண்டிருந்தது. கேக் வேஷத்தைக் கலைத்தார்கள், அப்போதும் திறக்கவில்லை. 1998 ஏப்ரல் 22 அன்று அதே வளாகத்தில் ‘அனிமல் கிங்டம்’ என்ற முழுப் பூங்கா ஒன்றே திறந்தது. மரம் நட்டு, மிருகம் கொண்டுவந்து, ஒரு பூங்காவையே எழுப்பி முடித்தாகிவிட்டது. இங்கே ஆறு பேர் உட்காரும் கார் இன்னும் சோதனையில் இருந்தது.

இந்தத் தாமதத்தால் பிழைத்துக்கொண்ட ஒன்றும் உண்டு. டெஸ்ட் டிராக்குக்குப் பக்கத்து அரங்கில் 1983-ல் திறந்த ‘ஹொரைசன்ஸ்’ என்ற ரைடு இருந்தது. எதிர்காலத்தில் மனிதர்கள் கடலடியிலும் விண்வெளியிலும் எப்படி வாழ்வார்கள் என்று காட்டும். அதன் ஸ்பான்சரான ஜெனரல் எலெக்ட்ரிக் 1993-ல் விலகிக்கொண்டது. அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று ரைடை மூடிவிட்டார்கள். ஆனால் 1996-ல் போக்குவரத்து அரங்கும் எரிசக்தி அரங்கும் ஒரே சமயத்தில் வேலைக்காக மூடப்போவதால், பூங்காவின் அந்தப் பக்கமே வெறிச்சோடிவிடும் என்று 1995 டிசம்பரில் அதைத் தூசி தட்டித் திறந்தார்கள். தற்காலிக ஏற்பாடுதான். எரிசக்தி அரங்கு 1996 செப்டம்பரிலேயே திரும்பிவிட்டது. டெஸ்ட் டிராக் வரவில்லை. அது வரும் வரை ஹொரைசன்ஸும் ஓடிக்கொண்டே இருந்தது. டெஸ்ட் டிராக்கில் ஜனங்கள் ஏறத் தொடங்கிய மூன்றே வாரத்தில், 1999 ஜனவரி 9 அன்று, ஹொரைசன்ஸை நிரந்தரமாக மூடினார்கள். இன்றைக்கும் அந்த ரைடுக்கு உருகும் ரசிகர்கள் ஏராளம். அவர்களில் பலர் அதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தது பக்கத்து ரைடின் சக்கரம் தேய்ந்த புண்ணியத்தில்தான்.

சரி, இத்தனை நாள் இழுத்தது தப்பா? குறைகளோடு திறந்துவிட்டு, ஓட ஓடச் சரிசெய்திருக்கக் கூடாதா?

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அதே டிஸ்னி, அதே காலத்தில், நாட்டின் இன்னொரு கோடியில் செய்து காட்டியது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967 முதல் 1995 வரை ‘பீப்பிள்மூவர்’ ஓடியது. தலைக்கு மேல் தூண்கள் மீது போட்ட பாதை. பாதையில் வரிசையாகப் பதித்த டயர்கள் சுழன்று வண்டியைத் தள்ளும். ஆடி அசைந்து பதினாறு நிமிடம் ஊர்வலம். அதை நிறுத்திவிட்டு, அதே தூண்கள் மீது, அதே பாதையில், வேகமான வண்டிகளை விடலாம் என்று முடிவானது. பெயர் ‘ராக்கெட் ராட்ஸ்’. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் உட்காரும் வண்டி, மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகம்.

தூண்களும் பாதையும் மெதுவாக ஊரும் வண்டிக்குப் போட்டவை. வளைவுகளில் சாய்வு கிடையாது. சாய்வில்லாத வளைவில் வேகமாகத் திரும்பினால் என்னவாகும் என்று சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வளைவுகளைச் சாய்த்துக் கட்டக் காசு ஒதுக்கவில்லை. ஆகவே வண்டி நேர்ப்பாதையில் சீறும், வளைவு வந்தால் பிரேக் போட்டுத் தவழும், தாண்டியதும் மறுபடி சீறும். மூன்று நிமிடத்துக்குள் இப்படித் திரும்பத் திரும்ப. டயர்கள் நாசமாயின. கட்டுப்பாட்டு அமைப்பும் அடிக்கடி நின்றது.

1998 மே 22 அன்று, பூங்காவின் புதுப்பித்த ‘டுமாரோலேண்ட்’ பகுதியோடு சேர்த்துச் சொன்னபடி திறந்தார்கள். அந்தக் கோடையிலேயே பழுதுக்காக மூடினார்கள். இலையுதிர் காலத்தில்தான் மறுபடி திறக்க முடிந்தது. அப்புறமும் ஓடுவதும் நிற்பதுமாக இருந்து, 2000 செப்டம்பரில் மூடியது மூடியதுதான். அடுத்த வருடம், இனி திறக்காது என்று அறிவித்தார்கள். இரண்டே கால் வருடம்கூட முழுசாக ஓடவில்லை. அந்தத் தூண்களும் பாதையும் மேலே வண்டி எதுவும் ஓடாமல் இன்றும் டுமாரோலேண்டில் நிற்கின்றன. பழைய பீப்பிள்மூவரும் போயிற்று, புதியதும் போயிற்று.

இரண்டு ரைடிலும் நோய் ஒன்றேதான், சக்கரமும் கட்டுப்பாட்டு அமைப்பும். ஃபுளோரிடாக்காரர்கள் திறக்காமல் வைத்துச் சரிசெய்தார்கள். கலிஃபோர்னியாவில் திறந்துவிட்டார்கள். முதலாவது சிரிப்புக்கு ஆளாகிப் பிழைத்தது. தாமதத்தை யாரும் பாராட்டுவதில்லை, வேலித்தட்டியைப் பார்த்து முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். என்னைக் கேட்டால் தாமதம் அந்தக் கதையின் தவறே இல்லை. தவறு தேதியில் இருந்தது. இதுவரை யாரும் செய்யாத ஓர் இயந்திரத்துக்கு, அது ஒரு சுற்றுகூட முழுசாக ஓடுவதற்கு முன்பே மாதம் குறித்தது, பெண் பார்க்கும் முன்பே கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிய கதைதான். தேதி சொன்னவர்கள் விளம்பரக்காரர்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் பொறியாளர்கள்.

1998 டிசம்பர் 19 அன்று விளம்பரம் எதுவும் செய்யாமல் டெஸ்ட் டிராக்கில் ஜனங்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். பூங்கா மொழியில் இதற்கு சாஃப்ட் ஓப்பனிங் என்று பேர். நின்றால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் இன்னும் திறக்கவே இல்லையே! உண்மையான பயணிகள், உண்மையான எடை, உண்மையான மழை. மூன்று மாதம் அப்படி ஓடியபின் மார்ச் 17 அன்று ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து முறையான திறப்பு விழா நடத்தினார்கள்.

அதற்குப் பிறகு நோய் முழுக்கக் குணமானது என்று சொன்னால் பொய். டெஸ்ட் டிராக் அடிக்கடி நிற்கும் ரைடு என்ற பெயர் கடைசி வரை போகவில்லை. மத்திய ஃபுளோரிடா அமெரிக்காவிலேயே அதிகம் இடி மின்னல் விழும் பகுதிகளில் ஒன்று. கோடையில் மத்தியானமானால் இடி முழங்கும். மின்னல் நெருங்கினால் வெளிப்பாதையில் கார் விடமாட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்படியும் வரிசை குறையவில்லை. பூங்காவில் முதலில் ஓடிப்போய் இடம்பிடிக்கும் ரைடாக அது பல வருடம் இருந்தது. 2012-ல் உள்ளே காட்சிகளை மாற்றி ஷெவர்லே பெயரில் மறுபடி திறந்தார்கள். 2024 ஜூனில் மூடி, 2025 ஜூலை 22 அன்று மூன்றாம் முறையாகப் புது வேஷத்தில் திறந்தார்கள். இந்தத் தடவை காட்சிகளில் பழைய ‘வேர்ல்ட் ஆஃப் மோஷன்’ ரைடை நினைவுபடுத்தும் அம்சங்களையும் சேர்த்திருக்கிறார்கள். வேஷம் இரண்டு தடவை மாறியும், பிளவுப் பாதையில் ஓடும் மின்கார் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. தொண்ணூறுகளில் தட்டிக்குப் பின்னால் உருட்டிப் பழகியது.

அந்த உழைப்பு எப்காட்டோடு நிற்கவுமில்லை. கலிஃபோர்னியாவில் 2012 ஜூனில் திறந்து கூட்டம் அள்ளிய ‘ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேஸர்ஸ்’ இதே தொழில்நுட்பத்தில் பிறந்தது. அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 2001 செப்டம்பர் 4 அன்று டோக்கியோவுக்கு அருகே திறந்த டிஸ்னிசீ பூங்காவில், எரிமலையின் அடிவயிற்றுக்குள் ஆறு பேரோடு ஒரு வண்டி பாய்ந்தது. அந்த வண்டியும் டெஸ்ட் டிராக்கின் வாரிசுதான். அந்த எரிமலையைக் கட்டிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)